வரப்புக் கோடு

மரக்காணம்
6 ஜூலை 2025

கிருபா மேடத்துக்கு,

வணக்கம். இரும்பையில் நீங்கள் எடுத்த சீன மை ஓவிய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "பென்சில் எங்கே மேடம்?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். பெயர் சேவியர்ராஜ். மரக்காணத்தில் டிராயிங் மாஸ்டர்.

படத்தை போனில் பிடித்து அனுப்பக்கூடாது, மையின் அடர்த்தி அதில் தெரியாது, தாள் தாளாகத்தான் தபாலில் வரவேண்டும், கூடவே நாலு வரி எழுதவேண்டும் என்றீர்கள். அதன்படி முதல் பாடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று மலை, நடுவில் பனி.

பனி வரவில்லை. நீங்கள் செய்து காட்டியபோது மை தண்ணீரில் கரைந்து புகை மாதிரி போனது. எனக்கு அது பொடிப்பொடியாகத் திரிந்துபோய் நிற்கிறது. என் மனைவி அருள்மேரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, அடுப்புக்கரிய கொட்டி வச்ச மாதிரி இருக்குது?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நான் ஏன் இதில் வந்து சேர்ந்தேன் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தது. வருகிற மே மாதம் ரிட்டையர் ஆகிறேன். இத்தனை வருஷத்தில் நான் வரைந்ததெல்லாம் சுதந்திர தினத்துக்குத் தலைவர்கள், சயின்ஸ் டீச்சருக்கு இதயம், எங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்கிற நீல மலை. எல்லாம் யாரோ கேட்டது. இது என் படம் என்று ஒன்று, ஒரே ஒன்று, ஒரு சுவரில் தொங்க வேண்டும். ஜனவரியில் புதுச்சேரியில் மாணவர்கள் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னீர்களே, அதில் எனக்கு ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இப்படிக்கு,
சேவியர்ராஜ்


கோத்தகிரி
17 ஜூலை 2025

சேவியர்ராஜ் சாருக்கு,

தாள்கள் கிடைத்தன. நான் பூசி மெழுகிப் பேசுகிறவள் இல்லை, வகுப்பிலேயே பார்த்திருப்பீர்கள்.

உங்கள் மலை குடில் மலைதான். மூன்று முக்கோணம், உச்சியில் ஐஸ்கிரீம். வெளிக்கோட்டைப் போட்டுவிட்டு உள்ளே நிரப்பியிருக்கிறீர்கள். பாறைக்கு வெளிக்கோடு கிடையாது. பக்கத்தில் பெருமுக்கல் இருக்கிறது அல்லவா? போய் ஒரு நாள் முழுக்க அந்தப் பாறையைப் பாருங்கள். வரையாதீர்கள், பாருங்கள்.

அடுத்தது மை. இந்தக் கலையில் கறுப்பு என்பது ஒரே நிறமில்லை. தண்ணீரைக் கூட்டிக் குறைத்து அதிலேயே ஐந்து நிறம் காட்டவேண்டும். அது வந்த பிறகுதான் நீலத்தையும் காவியையும் தொட விடுவேன். உங்கள் மையில் ஒரு நிறம்கூட இல்லை, செத்துக் கிடக்கிறது. நான் கொடுத்த மைக்கட்டியைக் கல்லில் தேய்க்கச் சோம்பல்பட்டு, கடையில் பாட்டில் இங்க் வாங்கினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், திட்டமாட்டேன்.

கண்காட்சியைப் பற்றி இப்போது பேசவேண்டாம். நல்ல தாளை மட்டும் பொறுக்கி அனுப்பாமல், கெட்டுப்போனதையும் சேர்த்து அனுப்புங்கள்.

கிருபா


மரக்காணம்
10 ஆகஸ்ட் 2025

கிருபா மேடத்துக்கு,

பாட்டில் இங்க் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதனால்தான் பதில் போட இத்தனை நாள்.

நான் தேய்க்கிறேன் மேடம். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் கல்லை வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன மாதிரி வட்டமாக, அழுத்தாமல், கோபப்படாமல் தேய்க்கிறேன். கோபப்படாமல் என்பதுதான் முடியவில்லை. அருள்மேரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "மாவு ஆட்டுறதா இருந்தா கூட இந்நேரம் ஆட்டி முடிச்சிருப்பேன்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு பெருமுக்கல் போனேன். வெயிலில் பாறை கொதிக்கிறது. உட்கார்ந்தேன், பார்த்தேன். வரையாமல் இருக்க முடியவில்லை, தாளை எடுத்தேன், காற்றில் பறந்து கீழே போனது. இறங்கிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தால் ஒரு ஆடு கடித்து வைத்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன், கெட்டுப்போனதையும் அனுப்பச் சொன்னீர்களே. ஆடு கடித்த இடத்தில்தான் கொஞ்சம் பாறை மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் மலை மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்தால் பனி. இங்கே நான் கதவைத் திறந்தால் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. உயரமாக இருப்பது உப்பைக் குவித்து வைத்திருக்கிற குவியல்தான். எனக்கு மலை எங்கிருந்து வரும்?

இப்படிக்கு,
சேவியர்ராஜ்


கோத்தகிரி
24 ஆகஸ்ட் 2025

சாருக்கு,

உப்பளத்தையே வரையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எதை வரைந்தாலும் மை ஒழுங்காக இருக்கவேண்டும்.

நீங்கள் அனுப்பியதை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒரு தாளில்கூட மை தாளுக்குள் இறங்கவில்லை. மேலேயே திட்டுத்திட்டாக, மணல்போலத் தங்கியிருக்கிறது. என்னிடம் படிக்கிற எல்லாருக்கும் ஒரே மைக்கட்டியைத்தான் கொடுத்தேன், ஒரே தாளைத்தான் கொடுத்தேன். மற்றவர்களுக்கு வருகிறது. உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது? தினமும் தேய்க்கிறேன் என்று எழுதுகிறீர்கள். தேய்த்த மை இப்படி இருக்காது. தயவுசெய்து பொய் சொல்லாதீர்கள்.

சிலருக்கு இது கைவருவதில்லை. பல வருஷம் சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர் அடித்த கைக்கு இது கஷ்டம்தான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

கிருபா


மரக்காணம்
1 செப்டம்பர் 2025

மேடம்,

பிள்ளைகள் ஹோம்வொர்க் செய்யாமல் வந்து பொய் சொன்னால் நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். பெரிய திறமை.

போதும். பிரஷ்ஷையும் கல்லையும் மீதி மைக்கட்டியையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். ஹெட்மாஸ்டர் சிவப்பிரகாசத்திடமும் ஃபாதரிடமும் ஜனவரியில் என் படம் கண்காட்சிக்கு வருகிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

சேவியர்ராஜ்


கோத்தகிரி
5 அக்டோபர் 2025

சேவியர்ராஜ் சாருக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் தாள்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நேற்று எடுத்தேன். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, இப்போதுதான் வெயில் வந்திருக்கிறது. மற்றவர்களுடைய தாள் எல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருக்கிறது. உங்களுடையது மட்டும் நமத்துப்போன அப்பளம் போலத் தொய்ந்து கிடந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், மை திரிந்து நின்ற இடத்தில் எல்லாம் பொடிப்பொடியாக ஏதோ மினுங்குகிறது. விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

சார், எந்தத் தண்ணீரில் மையைத் தேய்த்தீர்கள்?

சுத்தமான தண்ணீர் என்றுதான் வகுப்பில் சொன்னேன். எனக்கு இங்கே குழாயைத் திறந்தால் ஊற்றுத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் மை திரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், உப்பு விளைகிற ஊரிலிருந்து ஒருவர் எழுதுகிறாரே, தண்ணீர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. உங்களைப் பொய்யர் என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

துணியைப் பிரியுங்கள், சார்.

கிருபா


மரக்காணம்
19 அக்டோபர் 2025

கிருபா மேடத்துக்கு,

வேறு எந்தத் தண்ணீரில் தேய்ப்பேன்? வீட்டு போர்த் தண்ணீரில்தான். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் என்றில்லை, இந்தத் தெருவில் யார் வீட்டிலும் கேன் தண்ணீர் குடிக்கவும் சோறு வடிக்கவும் மட்டும்தான். கை கழுவ அதைத் தொட்டால் அருள்மேரி வீட்டை இரண்டாக்கிவிடுவாள். படம் வரைய யாராவது கேனைச் சாய்ப்பார்களா?

உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். "மூணு மாசமா நீங்க கெடந்து அல்லாடினதுக்கு இந்தத் தண்ணிதான் காரணமா?" என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு டம்ளரில் கேன் தண்ணீரைக் கொண்டுவந்து கல் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுக்கு மேல கேட்டா ஒத வுழும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மை ஓடியது மேடம்! புகை மாதிரி ஓடியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். உடனே அடுத்த நிமிஷமே வயிற்றெரிச்சல். மூன்று மாதம், ஒரு கட்டு தாள், ஆடு, பெருமுக்கல் வெயில், பொய்யன் என்கிற பட்டம், எல்லாம் ஒரு டம்ளர் தண்ணீருக்காக. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் வேண்டும். முழுசாக இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

புதுப் படங்கள் ஆறு வைத்திருக்கிறேன். உப்பளம்தான் எல்லாம். இனி நிறத்தைக் கொடுங்கள்.

சேவியர்ராஜ்


கோத்தகிரி
2 நவம்பர் 2025

சாருக்கு,

படங்களைப் பார்த்தேன். மை அருமை. உங்கள் கையில் இத்தனை கறுப்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆனால் மை சரியான பிறகுதான் உண்மையான கோளாறு எனக்குத் தெரிகிறது. கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து அதைத் தொடுகிறீர்கள். ஆறு படத்திலும் அப்படித்தான். இந்தத் தாளில் இரண்டாம் தடவை தொட்டால் கோடு செத்துவிடும். பிள்ளைகளின் படத்தைத் திருத்தித் திருத்திப் பழகின கை, தன் படத்தையும் திருத்துகிறது. அழிக்க முடியாது, ஒட்டுப்போட முடியாது, வந்தது வந்ததுதான். இந்தக் கலையே அதுதான், சார்.

ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஒரு படம் போடுங்கள். முடிந்ததும் பார்க்காதீர்கள். யாருக்கும் காட்டாதீர்கள். ஈரம் காய்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்து, உறையில் போட்டு ஒட்டி, தபாலாபீசுக்குப் போய்விடுங்கள். காவியும் நீலமும் அனுப்பியிருக்கிறேன். ஒரு துளிக்கு மேல் வேண்டாம்.

கண்காட்சி ஜனவரி பத்தாம் தேதி. எனக்கு டிசம்பர் நடுவில் படம் வேண்டும்.

கிருபா


மரக்காணம்
4 டிசம்பர் 2025

கிருபா மேடத்துக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்திருக்கிறேன். மழையில் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. ஒரு வரப்பு மட்டும் மூழ்காமல் நீளமாகப் போகிறது. தூரத்தில் ஓலை போட்டு மூடின உப்புக் குவியல். அதற்கு மட்டும் காவி. மிச்சம் எல்லாம் வெறும் தாள்.

வெறும் தாளை விட்டுவைக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. என் பிள்ளைகள் இப்படி விட்டால் மார்க்கைக் குறைப்பேன். அருள்மேரி பார்க்கவேண்டும் என்று வந்தாள், காட்டவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள். படத்தை மடித்துவிட்டேன், இதோ ஒட்டப்போகிறேன்.

சேவியர்ராஜ்


மரக்காணம்
5 டிசம்பர் 2025

மேடம்,

நேற்று அனுப்பிய படத்தைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். வரப்புக் கோட்டில் நடுவில் கை ஆடிவிட்டது. போடும்போதே தெரிந்தது. ஒரு வினாடி நின்று, நடுங்கி, அப்புறம் போகிறது. அதே இடத்தில் சின்னதாக ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். அதற்கு மேல் எதையும் தொடமாட்டேன். சத்தியமாக.

சே.


கோத்தகிரி
16 டிசம்பர் 2025

சாருக்கு,

திருப்பி அனுப்பமாட்டேன்.

படத்தைப் பின்னால் கனமான தாள் ஒட்டி, மேலும் கீழும் கட்டை வைத்து, தொங்கவிடத் தயார் செய்துவிட்டேன். நானே செய்தேன், கடையில் கொடுக்கவில்லை. கண்காட்சியில் வாசலுக்கு நேரே இருக்கிற சுவர் உங்களுக்கு. என்னுடைய படம் ஓரத்துக்குப் போகிறது.

இதைவிட வெளிப்படையாக எனக்குப் பாராட்டத் தெரியாது. ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களின் படங்கள் என் படங்கள் மாதிரியே இருக்கின்றன. இது அப்படி இல்லை. இப்படி ஒரு கோடு எனக்கு வராது.

மகளுக்குப் பரீட்சை, சனிக்கிழமை திறப்புக்கு என்னால் வர முடியாது. ஞாயிறு காலை வந்துவிடுவேன். ஹாலைப் பார்த்துக்கொள்கிற சிங்காரம் எல்லாம் மாட்டி வைப்பார். நீங்கள் வந்து நின்று, நாலு பேர் பார்ப்பதைப் பாருங்கள், போதும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், வீட்டிலும் சொல்லுங்கள்.

கிருபா


மரக்காணம்
23 டிசம்பர் 2025

மேடம்,

நன்றி. கண்காட்சியில் இடம் கிடைத்தது சந்தோஷம்தான். நீங்கள் எழுதியதை நாலைந்து தடவை படித்துவிட்டேன். உள்ளே இறங்கவில்லை. ஹெட்மாஸ்டர் சால்வை வாங்கிவிட்டார், ஃபாதர் கோவிலில் அறிவித்துவிட்டார். இத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள், எனக்குக் கண்ணை மூடினால் அந்த ஆடின இடம் மட்டும்தான் தெரிகிறது. குடிலுக்கு நீல மலை அடித்துக்கொண்டிருக்கிறேன். இதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம், நிம்மதியாக இருக்கிறது.

சேவியர்ராஜ்


கோத்தகிரி
13 ஜனவரி 2026

சேவியர்ராஜ் சார்,

ஞாயிறு காலை ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் உங்கள் படத்தைத்தான் பார்த்தேன். நான் மாட்டக் கொடுத்த படமாக அது இல்லை.

சிங்காரத்தைக் கேட்டால், "அந்த வாத்தியார் எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டாரும்மா. நான் டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா கையில பிரஷ்ஷோட நிக்கிறாரு. அவரு படந்தானேன்னு வுட்டுட்டேன்" என்கிறார். மற்றவர்கள் வருவதற்குள் அதைக் கழற்றிச் சுருட்டிவிட்டேன். மீதி இரண்டு நாளும் அந்தச் சுவர் காலியாகவே இருந்தது.

அழுகை வந்தது. உங்கள்மேல் இருந்த கோபத்தில் புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்கு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது. நேரில் வந்தால் என்ன பேசுவேன் என்று பயந்து திரும்பிவிட்டேன்.

ஏன் சார்?

கிருபா


மரக்காணம்
20 ஜனவரி 2026

கிருபா மேடத்துக்கு,

சிங்காரம் சொன்னது உண்மை. சட்டைப் பையில் பிரஷ், சின்ன பாட்டிலில் வீட்டிலேயே தேய்த்து எடுத்துப்போன மை. கேன் தண்ணீரில் தேய்த்ததுதான். திருத்தவேண்டும் என்றே போனேன், மறைக்க ஒன்றுமில்லை.

வாசலில் நுழைந்ததும் எதிரே தொங்கியது. நான் படத்தைப் பார்க்கவே இல்லை மேடம். அந்த ஒரு இடத்தைத்தான் பார்த்தேன். கோடு நின்று நடுங்கின இடம். கிட்டே போய் ஒரே ஒரு இழுப்பு. மை கோட்டில் நிற்கவில்லை, கீழே தண்ணீருக்காக விட்டு வைத்திருந்த வெள்ளைக்குள் இறங்கியது. அதைச் சரிசெய்ய இன்னொரு இழுப்பு. அதைச் சரிசெய்ய இன்னொன்று. உங்களுக்குத் தெரியும், நான் எப்படி என்று. கையை எடுத்தபோது வரப்பு ஈ.சி.ஆர் ரோடு மாதிரி கன்னங்கரேலென்று கிடந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் வந்தார்கள். சிவப்பிரகாசம் சால்வை போட்டுவிட்டு, "சூப்பர் சார், அந்த ரோடு என்னமா வந்துருக்குது" என்றார். கை கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வாழ்க்கையில் நான் கேட்டது ஒரு சுவர். அது கிடைத்து, சால்வையோடு அதன் முன்னால் நின்றபோது எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

அருள்மேரி ஹாலில் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள். என் சட்டைப் பையில் மைக்கறையைப் பார்த்துவிட்டாள் போல. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டாள். "ஏங்க, நீங்க கை வைக்கறதுக்கு முன்னாடி அது எப்டி இருந்துச்சு? எனக்குத்தான் காட்டவே இல்லியே."

சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு கோடுதான். தண்ணி மேல நீட்டா போவும். நடுவுல ஒரு எடத்துல நிக்கும், மேல போறதா வேணாமான்னு. அப்பறம் மெதுவா போயி அந்தக் குவியல் கிட்ட சேரும். மிச்சம் எல்லாம் சும்மா வுட்டுருந்தேன், தண்ணியும் வானமும் ஒண்ணாவே இருக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவள், "நல்லாத்தானே இருந்திருக்குது?" என்றாள்.

ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் நல்ல படம் என்று எழுதினபோது, என்னைச் சமாதானப்படுத்துகிறீர்கள், பழைய தண்ணீர் விஷயத்துக்கு ஈடுகட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவையாவது தள்ளி நின்று முழுசாகப் பார்த்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன். இப்போது அது இல்லை. அது இருந்த மாதிரி நின்று பார்த்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான், நான்கூட இல்லை. அதனால் வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

மேடம், அது நன்றாக இருந்தது.

சேவியர்ராஜ்